வலது கைப் பந்து இடது கைக்கு வந்த வேலை

நீளத் தடத்தில் உருட்டிவிட்டுப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் டென்பின் பௌலிங் ஆட்டத்தின் பந்தைப் பார்த்தால் மூன்று துளை உள்ள ஒரு குண்டு. துளைகளை அடைத்துவிட்டு வேறு கைக்குத் தோதாக மறுபடி போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அடைக்கிற வேலை உண்மையிலேயே சுலபம். எங்கள் ஊரில் ரெசின் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) கலக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். புதுத் துளையை எங்கே போடுவது என்பதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. அதை விரிவாக எழுதுகிறேன். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்ப்பது என் தொழில். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அதோடு இந்தத் தொழிலும் பெருகியது. அக்கா மகள் சென்னையில் படிக்கிறாள். இடது கைக்காரி. பௌலிங்கில் நிஜமான ஆர்வம். பௌலிங் மையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பாலியஸ்டர் பந்தை எடுத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். அங்கே ஆடும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் எடை கூடின பந்துக்கு மாறியபோது, தன்னுடைய பழைய 12 பவுண்டு ரியாக்டிவ் பந்தை (தரையைப் பிடித்து நன்றாக வளையும் வகை) இவளுக்குக் கொடுத்துவிட்டார். அவர் வலது கை. "மாமா, ஓட்டையை மட்டும் மாத்திக் குடுத்தா போதும்" என்று பந்தைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டாள்.

ஓட்டையை மட்டும் மாற்றினால் ஏன் போதாது? பந்துக்குள் ஒரே சீரான பொருள் இல்லை. நடுவில் கோர் என்று ஒரு அடர்த்தியான கட்டி இருக்கிறது. அதன் தலை எந்தப் பக்கம் என்று காட்ட, பந்தின் மேல் வேறு நிறத்தில் ஒரு வட்டப் புள்ளி வைத்திருப்பார்கள். அதைத்தான் பின் என்கிறார்கள். பந்து கையை விட்டுப் போகும்போது ஓர் அச்சில் சுழலும். அந்த அச்சின் முனை வலது கைக்காரருக்குத் துளைகளின் வலப்பக்கம் விழும்; இடது கைக்காரருக்கு இடப்பக்கம். அந்த முனைக்கும் பின்னுக்கும் உள்ள தூரம்தான் பந்து எப்படி வளையும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 27 அங்குலம். கால் சுற்று 6¾ அங்குலம். பின்னும் அச்சு முனையும் 6¾ அங்குலம் தள்ளியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் அதே இடம்தான் தரையில் படும். தடத்தில் பூசியிருக்கும் எண்ணெய் அந்த ஒரே வளையத்தில் ஏறிக்கொண்டே போகும். அதில் பாதி, அதாவது 3⅜ அங்குலத்தில் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் வளையம் கொஞ்சம் நகர்ந்து, எண்ணெய் படாத புது இடம் தரையைத் தொடும். நகர்வு மிக அதிகமாக இருப்பது அந்தத் தூரத்தில்தான்.

இந்தப் பந்தில் பின், பழைய சொந்தக்காரரின் மோதிர விரல் துளைக்கு மேலே இருந்தது. அவர் அச்சு முனையிலிருந்து 5 அங்குலம். அதே துளைகளில் இவள் இடது கையை வைத்தால் பின் அவளுடைய நடுவிரல் பக்கம் போய்விடும். அவள் அச்சு முனையோ எதிர்ப்பக்கம். டேப் வைத்து அளந்தேன். 6 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. நல்ல ரியாக்டிவ் பந்தை வைத்துக்கொண்டு சாதாரண பந்து போல ஆட வேண்டியதுதான்.

விரல் அளவும் பொருந்தாது. துளையின் சாய்வைப் பிட்ச் என்பார்கள். துளையின் அச்சு பந்தின் மையத்தை எவ்வளவு விலகிப் போகிறது என்ற அளவு அது. முன்பக்கச் சாய்வும் பின்பக்கச் சாய்வும் கை மாறினாலும் அப்படியே இருக்கும். பக்கவாட்டுச் சாய்வு மட்டும் திரும்பிவிடும். வலது கட்டைவிரலுக்கு உள்ளங்கைக்குக் கீழே போகிற துளை, இடது கட்டைவிரலுக்கு வெளியே தள்ளும். அதோடு பந்து போட்டால் விரல் தோல் உரிந்துவிடும்.

கடலூரில் உட்கார்ந்து ஊகிக்க முடியாத அளவுகள் இரண்டு. ஒன்று அவள் கை. சென்னையில் பந்து துளையிடும் கடையில் கை அளந்து சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நடுவிரலுக்கு 4 இஞ்ச் ஒரு நூல், மோதிர விரலுக்கு 4 இஞ்ச் இரண்டு நூல். நம் பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது 1/8 அங்குலம், அந்தச் சீட்டில் இருந்ததும் அதே கணக்கு என்பதால் எனக்கு வசதியாகப் போயிற்று. இந்தத் தூரத்தைத் துளை விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும். விரல் துளைக்குள் ரப்பர் இன்செர்ட் ஒட்டுவதால் அதன் கனத்தையும் கழிக்க வேண்டும்.

இன்னொன்று அச்சு முனை. இரவல் பந்து ஒன்றை அவள் உருட்டினாள். திரும்பி வந்த பந்தில் எண்ணெய் வளையங்கள் தெரிந்தன. கைக்கு மிக அருகில் இருந்த முதல் வளையத்தை மெழுகுப் பென்சிலால் வரைந்து, அந்த வட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சம தூரத்தில் உள்ள புள்ளியைத் தேடி ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினோம். மறுபடி உருட்டும்போது அந்த ஸ்டிக்கர் ஆடாமல் ஒரே இடத்தில் நின்று சுழல வேண்டும். ஆடினால் இடம் தப்பு. கொஞ்சம் நகர்த்தி ஒட்டிப் பார்த்ததில் நின்றது. அவள் பிடியின் நடுப்புள்ளியிலிருந்து இடப்பக்கம் 4 இஞ்ச் ஏழு நூல், மேலே அரை இஞ்ச். இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் யாரும் ட்ரில்லைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடைக்கிற வேலைக்கு வருவோம். துளைகள் மூன்றல்ல, நாலு. பந்தின் வலப்பக்கம், எந்த விரலுக்கும் பயன்படாத ஒரு துளை இருந்தது. எடையைச் சமன் செய்ய முன்பு அப்படிப் போடுவார்கள். அமெரிக்காவின் பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி விதிப்படி 2020 ஆகஸ்ட் 1 முதல் அதற்கு அனுமதி இல்லை. பழைய பந்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நாலாவது துளை இருந்தால் போட்டிக்குப் போகும் முன் அதை அடைத்தே ஆக வேண்டும்.

படகுக்குப் பழகிய கை முதலில் பாலியஸ்டர் ரெசினைத்தான் எடுக்கும். இதற்கு அது வேண்டாம். இறுகும்போது கொள்ளளவில் ஏழு சதவீதம் வரை சுருங்கும். படகுத் தோலில் அது தெரியாது, ஒன்றே கால் அங்குல விட்டமுள்ள குழியில் ஓரம் விட்டுவிடும். கடலூர் வெயிலில் மொத்தமாக ஊற்றினால் சூடேறி உள்ளே வெடிப்பும் விழும். எபாக்ஸி சுருக்கம் குறைவு, பந்தின் வெளி ஓடான பழைய கவரோடு ஒட்டும் பிடிப்பும் அதிகம். பாலியஸ்டரிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கட்டாலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. இரண்டும் தனியாகச் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தொழிலில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே நான் சொல்வது இது.

பழைய கட்டைவிரல் துளையில் ஸ்லக் என்ற பிளாஸ்டிக் உருளை ஒட்டியிருந்தது. அதையும் விரல் இன்செர்ட்டுகளையும் குடைந்து எடுத்தேன். சுவரைக் கரடாக்கி, தூசி தட்டி, அசிட்டோனில் துடைத்தேன். எண்ணெய் குடித்த பந்து இது. ரியாக்டிவ் கவர் நுண்துளை உள்ளது, தடத்து எண்ணெயை உறிஞ்சும். துளை ஓரத்தில் எண்ணெய் இருந்தால் எந்த ரெசினும் ஒட்டாது. அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மேலே மிதந்து வந்த எண்ணெயை எடுத்துவிட்டு, நன்றாக உலர்த்தின பிறகுதான் கரடாக்கும் வேலைக்கே போனேன். கொதிநீர் கூடாது, கவர் வெடித்துவிடும்.

எபாக்ஸியில் கால்சைட் பவுடர் சேர்த்துக் கட்டியாகக் கலக்கினேன். கண்ணாடி நார் சேர்க்கவில்லை. வலு கூடும் என்றாலும் பிறகு ட்ரில் முனையை அது தின்றுவிடும், முனை ஓரிடத்தில் நார் கட்டியில் மாட்டி வழிமாறவும் செய்யும். துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் ஒரு வரப்பு கட்டி, காற்றுக்குமிழ் வெளியேற மெல்லிய கம்பியால் கிண்டி, அடுக்கடுக்காக ஊற்றினேன். ஒரு அடுக்கின் சூடு தணிந்த பிறகு அடுத்தது. கட்டைவிரல் குழி ஒன்றுக்கே அறுபது சிசி போல ஆகும். கடைசி அடுக்கு பந்தின் மேற்பரப்பைத் தாண்டி மேடாக நிற்க வேண்டும்.

மேட்டை இறக்குவதில் அவசரம் கூடாது. அரத்தை அழுத்தினால் அந்த இடம் தட்டையாகிவிடும். பந்தின் மேலேயே ஃபைபர் ஊற்றி எடுத்த ஒரு வளைவுச் சட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். சட்டத்துக்கும் பந்துக்கும் இடையில் வெளிச்சம் தெரியாத வரை கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டிப் பார்த்தால் அடைப்பின் ஓரம் எங்கே என்று தெரியக்கூடாது. மாஸ்க் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அந்தத் தூள் மிக நைசானது.

துளையே இல்லாத முழுப் பந்து கையில் இருக்கும் இந்த ஒரு கட்டத்தில்தான் கனமான பக்கம் எது என்று மிதக்கவிட்டுப் பார்க்க முடியும். பந்தின் கொள்ளளவு சுமார் 5.3 லிட்டர். 12 பவுண்டு என்றால் 5.44 கிலோ. நல்ல தண்ணீரில் மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். மரக்காணம் கல்லுப்பை ஒரு டிரம் தண்ணீரில் கரைத்தேன். 15 லிட்டருக்கு ஒரு கிலோ. பந்து உச்சந்தலை மட்டும் தெரிய மிதந்தது. மெல்ல உருட்டிவிட்டால் ஆடி அடங்கி ஒரே பக்கத்தைத்தான் மேலே காட்டுகிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கனமான பக்கம். குறித்துக்கொண்டேன். 13 பவுண்டு வரை உப்பைக் கூட்டி இப்படிச் செய்யலாம். 15 பவுண்டுப் பந்து, உப்பு எவ்வளவு கரைத்தாலும் மிதக்காது.

இனி இடம் குறிக்கிற வேலை. இந்தப் பந்தின் கோர் சீரானது. பின்னைச் சுற்றி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். அதனால் எனக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. பின்னிலிருந்து அச்சு முனை 5 அங்குலம் என்று முடிவு செய்தேன். மூத்த ஆட்டக்காரருக்கு இருந்த அதே தூரம், இடம் மட்டும் கண்ணாடியில் தெரிவது போல மறுபக்கம். 3⅜ பக்கம் போகாததற்குக் காரணம் உண்டு. இடது கைக்காரர்கள் குறைவு என்பதால் தடத்தின் இடப்பக்க எண்ணெய் சீக்கிரம் கலைவதில்லை, ஆட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அடிக்கடி முரண்டு பிடித்து வளையும் பந்தைவிட, ஒரே மாதிரி வளையும் பந்துதான் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு நல்லது.

பின்னிலிருந்து 5 அங்குல வட்டத்தில் அச்சு முனை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கே வைத்தால் பழைய அடைப்புகள் தரையில் படாமல் இருக்கும்? இதற்காகத்தான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். அடைத்த இடம் கவரைப் போல எண்ணெயை உறிஞ்சாது, தரையையும் அதே மாதிரி பிடிக்காது. அது உருளும் வளையத்துக்குள் வந்தால் பந்து ஒவ்வொரு சுற்றிலும் தடுமாறும். அச்சு முனையில் நூலைப் பிடித்து, அவளுடைய எண்ணெய் வளையத்தின் அளவுக்கு வட்டம் போட்டேன். பிறகு பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், பழைய பிடியைப் பின்னிலிருந்து இடப்பக்கம் படுக்கப் போட்டால் நாலு அடைப்பும் வட்டத்துக்கு உள்ளேயே அடங்கியது. புது மோதிர விரல் துளைக்கும் மிக அருகிலுள்ள பழைய அடைப்புக்கும் நடுவே ஐந்து நூல் சுவர் கிடைத்தது.

அந்தச் சுவர் முக்கியம். புதுத் துளை பாதி அடைப்பிலும் பாதி பழைய கவரிலும் விழக்கூடாது. இரண்டின் கடினமும் வேறு, ட்ரில் மெத்தென்ற பக்கம் சாயும். ஒன்று முழுக்க அடைப்புக்குள் போடுங்கள், இல்லையென்றால் முழுக்க வெளியே. நடுவில் மெல்லிய சுவர் நின்றால் அதுவும் நாளடைவில் விரிசல் விடும்.

துளையிட என்னிடம் மெஷின் இல்லை. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பழக்கமான ஒரு லேத் பட்டறையில் மில்லிங் மெஷின் இருக்கிறது. பந்தைப் பார்த்ததும் அங்கிருந்தவர், "ஏண்ணே, போடுறது ஒண்ணும் பெருசில்ல, இத அசையாம புடிக்கிறதுதான் வேல" என்றார். சரியாகச் சொன்னார். வைஸில் இறுக்கினால் பந்து நசுங்கும், வழுக்கவும் செய்யும்.

பிடிப்பான் செய்வது எங்கள் தொழில். பந்துக்கு மெழுகு தடவி, அதன் மேல் கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் போட்டு, பாதிக்குச் சற்றுக் குறைவாக ஒரு கிண்ணம் வார்த்தேன். பாதியைத் தாண்டினால் பந்து வெளியே வராது. அடியில் தட்டையான பலகை, மெஷின் மேஜையில் கிளாம்ப் போட. மேல் பாதிக்கு இன்னொரு மூடி, நடுவில் ட்ரில் இறங்கக் கை நுழையும் அளவு ஜன்னல். இரண்டுக்கும் உள்ளே மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டி, நாலு போல்ட்டால் இறுக்கினால் பந்து இம்மி அசையவில்லை. பட்டறைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "இது போதும்ணே" என்றார்.

சாய்வு வைப்பது இப்படி. முதலில் ட்ரில் முனையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கிண்ணத்தின் மையத்துக்கு நேராகக் கொண்டுவந்து டயலைச் சுழியத்தில் வைக்க வேண்டும். அந்த நிலையில் போடும் துளை நேராகப் பந்தின் மையத்துக்குப் போகும், சாய்வு இல்லை. ஒரு நூல் சாய்வு வேண்டுமென்றால் மேஜையை 3.2 மில்லிமீட்டர் நகர்த்தி, போல்ட்டைத் தளர்த்தி, துளைக் குறி மறுபடி ட்ரில் முனைக்கு நேராக வரும்வரை பந்தைத் திருப்பி இறுக்க வேண்டும். எந்தத் திசை என்பதில்தான் கவனம். பழைய சொந்தக்காரரின் சீட்டு பக்கத்தில் இருந்தால்கூட அதைப் பார்க்காதீர்கள். அவள் இடது கையையே பந்தின் மேல் வைக்கச் சொல்லி, உள்ளங்கைப் பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, அந்த அம்பைப் பார்த்துத்தான் மேஜையை நகர்த்தினோம்.

விரல் துளைக்கு 31/32 அங்குல முனை, அதாவது ஒரு இஞ்சுக்குக் கால் நூல் குறைவு. கட்டைவிரலுக்குப் புது ஸ்லக் ஒட்ட ஒன்றே கால் இஞ்ச். மெதுவான வேகம். கொஞ்சம் இறக்கி, தூக்கி, சுருளை வெளியேற்றி, மறுபடி இறக்கி. கவரில் முதலில் ஈரப்பசையோடு நீளச் சுருளாக வரும். கோரைத் தொட்டதும் வெள்ளைத் தூளாக மாறும். சத்தமும் மாறும். அப்போது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

ஸ்லக் ஒட்டி ஒரு இரவு விட்டு, கட்டைவிரல் துளையைக் கையால்தான் முடித்தேன். விரல் உருண்டையாக இருப்பதில்லை, சற்றுத் தட்டை. வட்டத் துளையை அவள் அளவைவிடச் சிறிதாகப் போட்டு, அரைவட்ட அரத்தால் நீள்வட்டமாக்கி, விளிம்பை மழித்தேன். அவளை எதிரே உட்காரவைத்து, போட்டுப் போட்டுப் பார்த்து. "இங்க லேசா கிள்ளுது மாமா" என்று அவள் காட்டும் இடத்தில் உப்புத்தாளால் சுருட்டித் தேய்ப்பது, மறுபடி விரல் விடுவது. விரலைத் தளர்வாக நீட்டினால் இறுக்கிப் பிடிக்காமலே பந்து தொங்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் தடையில்லாமல் கழன்று வர வேண்டும். கடைசியில் முழுப் பந்தையும் 500, 1000, 2000 தாள்களில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். அடைப்பு இருந்த இடம் நிறத்தில் மட்டும் தெரிகிறது.

எடைச் சமன் மட்டும் பாக்கி. சென்னைக் கடையில் அதற்கென்றே டோடோ தராசு இருக்கிறது. 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்தில் இருபக்க எடை வித்தியாசம் 3 அவுன்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது இப்போதைய விதி. முன்பு பக்கவாட்டில் ஒரு அவுன்ஸ்தான் அனுமதி. கனப் புள்ளியை உப்புத் தண்ணீரில் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்ததால், துளை போடும்போதே பிடியின் நடுப்புள்ளி அதிலிருந்து அதிகம் விலகாமல் பார்த்துக்கொண்டோம். தராசில் அளவுக்கு உள்ளேயே நின்றது.

சென்னையில் அவள் ஆடி முடித்து அனுப்பிய படத்தில் எண்ணெய் வளையங்கள் விசிறியாக விரிந்திருந்தன. அடைப்புகளின் மேல் ஒரு கோடுகூட ஏறவில்லை, துளை விளிம்பிலும் படவில்லை. பந்து ஓடும்போது டொக் டொக் என்று சத்தம் வந்தால் வளையம் துளைமேல் ஏறுகிறது என்று அர்த்தம், அது இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பழைய பந்து தேடுபவர்களுக்கு: சீரான கோர் உள்ளதாகப் பாருங்கள். கோர் சீரில்லாத பந்துகளில் பின்னோடு இன்னொரு குறியும் இருக்கும். இரண்டையும் சரியான பக்கத்தில் வைத்தாக வேண்டும் என்பதால் திருப்பிப் பார்க்கும் சுதந்திரம் போய்விடும், பழைய துளை எதையாவது புதுத் துளை வெட்டும். அப்படி ஒரு பந்தை இன்னொரு பிள்ளைக்காகக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவரில் விரிசல் இருந்தாலும் வாங்காதீர்கள். வாங்கிய பந்தைப் பூட்டிய காரில் வெயிலில் போட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள்.

பிள்ளை வளர்கிறாள், கட்டைவிரலும் தடிக்கும். அப்போது பந்தைத் தொட வேண்டியதில்லை. ஸ்லக்கை மட்டும் குடைந்து எடுத்துப் புதிதாக ஒட்டினால் போதும். கிண்ணமும் மூடியும் தட்டாஞ்சாவடிப் பட்டறையிலேயே இருக்கின்றன.